கிரைண்டிங் மெஷினில் புதிதாக நிற்பவர்களுக்கு: முதல் மாதத்துக்கான வழிகாட்டி

மூன்று வருடம் லேத் ஓட்டிவிட்டு, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் (பிறர் அனுப்பும் பாகங்களைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் இடம்) கிரைண்டிங்குக்கு, அதாவது சுற்றும் கல்லால் உலோகத்தைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் வேலைக்கு, மாறியவன் நான். வீட்டில் சொன்னபோது மாவு கிரைண்டர் கம்பெனியா என்று கேட்டார்கள். கோயம்புத்தூரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் முதல் அர்த்தம். லேத் தெரிந்தவனுக்கு இது சுலபமாக வந்துவிடும் என்று நினைத்துப் போனேன். வரவில்லை. முதல் இரண்டு மாதம் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. ஐடிஐ முடித்தோ, டிப்ளமோ முடித்தோ, என்னைப் போல வேறு மெஷினிலிருந்து மாறியோ வருகிறவர்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். பம்பு ஷாஃப்ட், மோட்டார் ஷாஃப்ட், ஸ்பின்னிங் மெஷின் பாகம், டை பிளேட் என்று எது வந்தாலும் கிரைண்டிங் பெரும்பாலும் கடைசி வேலை. உங்கள் கைக்கு வரும்போது இரும்பு வாங்கிய காசு, டர்னிங் கூலி, கீவே (சாவிப் பள்ளம்) கூலி, ஹீட் ட்ரீட்மெண்ட் (சூடாக்கிக் கடினப்படுத்துவது) கூலி எல்லாம் அந்த ஜாபுக்குள், அதாவது நீங்கள் ஓட்டப் போகும் பாகத்துக்குள், இருக்கும். இங்கே கெட்டால் அத்தனையும் போச்சு. அதனால் கல் ஜாபைத் தொடுவதற்கு முன்னால் செய்யும் வேலைகளுக்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம். சர்ஃபேஸ் (தட்டையான முகம்), சிலிண்டரிக்கல் (உருண்டை ஷாஃப்டின் வெளிப்பக்கம்) இரண்டை மட்டும் சொல்கிறேன். சென்டர்லெஸ்ஸும் (முனைகளில் பிடிக்காமல் ஓட்டுவது) உள்விட்ட கிரைண்டிங்கும் இவை கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. முதலில் காகிதம்

ஜாபோடு மூன்று காகிதம் வர வேண்டும்: டிராயிங், டெலிவரி சலான், ஹீட் ட்ரீட்மெண்ட் ஆன ஜாபாக இருந்தால் கடினத்தன்மை ரிப்போர்ட். மூன்றாவது பாதி நேரம் வராது. கேட்டு வாங்குங்கள். 58 எச்ஆர்சி (கடினத்தன்மையின் அளவு) என்று சொல்லி அனுப்பிய ஜாப் 45தான் இருந்தால், அதற்கு நீங்கள் எடுத்த கல்லே தப்பாகிவிடும்.

சலானில் 50 என்று எழுதியிருந்தால், கொண்டுவந்தவர் கிளம்புவதற்குள் 50 இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் அவரிடம் திரும்ப வேண்டும் என்பது சட்டம். திருப்பி அனுப்பும்போது எண்ணிக்கை இடித்தால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் முதலாளி.

டிராயிங்கில் சைஸைப் பார்ப்பதற்கு முன் டாலரன்ஸை, அதாவது சைஸ் எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதைப் பாருங்கள். 25 மில்லி (மில்லிமீட்டர்) ஷாஃப்டுக்கு சின்ன எச்6 (h6) என்று போட்டிருந்தால் மேலே பூஜ்யம், கீழே 13 மைக்ரான் (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதாவது 25.000க்கும் 24.987க்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்புறம் ஃபினிஷ் குறி, அப்புறம் எந்த முகத்தை வைத்து எந்த முகம் நேராக இருக்க வேண்டும் என்ற குறி.

பிறகு வந்த ஜாபை அளந்து எழுதுங்கள். விட்டத்தில் 0.2 முதல் 0.4 மில்லி வரை அலவன்ஸ் (கிரைண்டிங்குக்காக விட்டுவைத்த கூடுதல் இரும்பு) இருப்பது வழக்கம். சென்டரில் (இரு முனையையும் தாங்கும் கூர்முனைகளில்) மாட்டி, ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். ஹீட் ட்ரீட்மெண்டில் வளைந்து, டயல் 0.3 ஆடினால், 0.2 அலவன்ஸில் அந்த ஷாஃப்ட் முழுசாகச் சுத்தமாகாது. ஒரு பக்கம் கருப்பு அப்படியே நிற்கும். அதை ஆரம்பிப்பதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள். பாதி ஓட்டிய பிறகு சொன்னால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று ஆகும்.

2. கல்லின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பட்டறையில் யாரும் வீல் என்று சொல்ல மாட்டார்கள், கல் என்றுதான் சொல்வார்கள். கல்லின் பக்கவாட்டுக் காகிதத்தில் ஏஏ 46 கே 5 வி என்பது மாதிரி ஒரு வரி இருக்கும்.

முதல் எழுத்து துகளின் வகை. ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு, எஃகுக்கு. ஏஏ என்பது வெள்ளைக் கல், ஹார்டு செய்த எஃகுக்கு. சி என்றால் சிலிக்கான் கார்பைடு, வார்ப்பிரும்பு, பித்தளை மாதிரியானவற்றுக்கு. பச்சைக் கல் கார்பைடு டூல் தீட்ட. அடுத்த எண் துகளின் அளவு: 46, 60 இரண்டும் நடுத்தரம், அதில் 46 கொஞ்சம் முரடு, 80க்கு மேல் போனால் நைஸ். அடுத்த எழுத்துதான் புதியவர்களைக் குழப்பும். ஏயிலிருந்து இசட் வரை போகப் போகக் கல் கடினம். கடினம் என்றால் துகள் கடினம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். துகளைப் பிடித்து வைத்திருக்கும் பிடிமானம் எவ்வளவு இறுக்கம் என்பதைத்தான் அந்த எழுத்து சொல்கிறது. அதன் பின்னால் வரும் எண் துகள்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. கடைசி எழுத்து பிடிமானத்தின் வகை: வி என்றால் விட்ரிஃபைடு, பி என்றால் ரெசின்.

ஜாப் கடினமாக இருந்தால் கல் மென்மையாக இருக்க வேண்டும். எனக்கு இது தலைகீழாகத்தான் பட்டது. கடினமான எஃகில் துகள் சீக்கிரம் மழுங்கும். மென்மையான கல் மழுங்கிய துகளை உதிர்த்துவிட்டுப் புதிதாக ஒன்றை வெளியே காட்டும். இறுக்கமான கல் மழுங்கியதையே பிடித்துக்கொண்டு, வெட்டாமல் உரசும். உரசினால் சூடு. ஹார்டு செய்த டை பிளேட்டுக்கு எச், ஐ, ஜே பக்கம் பாருங்கள். ஹார்டு செய்யாத ஈஎன் 8 (ஒரு எஃகு வகை) ஷாஃப்டுக்கு கே, எல், எம். டைமண்ட் கல்லை எஃகில் ஓட்டாதீர்கள். சூட்டில் இரும்பு அதன் கார்பனை இழுத்துக்கொள்ளும், விலை உயர்ந்த கல் வீணாகிவிடும்.

3. கல் மாற்றும்போது அவசரம் வேண்டாம்

கைதேர்ந்தவருக்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். உங்களுக்கு முதல் முறை அரை நாள் ஆகலாம், ஆகட்டும்.

புதுக் கல்லோ பழைய கல்லோ, மாட்டும் முன் தட்டிக் கேளுங்கள். துளை வழியாக விரலிலோ குச்சியிலோ தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியால் விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி, நேர் மேலேயும் இல்லாமல் நேர் பக்கத்திலேயும் இல்லாமல் சாய்வாகத் தட்டுங்கள். நல்ல விட்ரிஃபைடு கல் வெண்கலக் கிண்ணம் மாதிரி ஒலிக்கும். விரிசல் இருந்தால் மண்பானை ஓட்டைத் தட்டியது மாதிரி சப்பென்று இருக்கும். ஈரக் கல் எப்போதும் சப்பென்றுதான் கேட்கும், அதனால் காய்ந்த பிறகு தட்டுங்கள். ரெசின் கல் இவ்வளவு தெளிவாக ஒலிக்காது.

கல்லில் எழுதிய உச்ச ஆர்பிஎம் மெஷின் ஓடும் ஆர்பிஎம்மை விடக் குறைவாக இருந்தால் அந்தக் கல் அந்த மெஷினுக்கு இல்லை. 200 மில்லி கல் 2800 ஆர்பிஎம்மில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 29 மீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் உடைந்த துண்டு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் காகித வாஷர் இருக்க வேண்டும். ஃபிளாஞ்ச் (கல்லை இரு பக்கமும் பிடிக்கும் வட்டத் தட்டு) இரண்டும் ஒரே விட்டமாக, கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நட்டை அளவாக இறுக்குங்கள், பைப் மாட்டி முறுக்கக் கூடாது. கார்டை (கல்லைச் சுற்றியுள்ள பாதுகாப்பு மூடியை) மூடி, நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஜாப் இல்லாமல் ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கையுறை எதுவும் சுற்றும் கல் பக்கம் வரக் கூடாது. கண்ணாடி கட்டாயம். கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் எண்ணெய் கலந்த தண்ணீர்) இல்லாமல் ஓட்டினால் மூக்குக்கு மாஸ்க்கும்.

ஃபிளாஞ்சோடு சேர்த்து பேலன்ஸ் செய்யுங்கள். முதலில் மெஷினில் மாட்டி டைமண்ட் அடித்து (வைர முனையால் கல்லைச் சீவி) வட்டமாக்கி, பிறகு கழற்றி பேலன்சிங் ஸ்டாண்டில் வைத்து, எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும் வரை எடைத் துண்டுகளை நகர்த்துங்கள். பெரிய கல்லுக்கு மறுபடி ஒரு டைமண்ட், மறுபடி ஒரு பேலன்ஸ்.

4. டைமண்ட் அடிப்பது

கல் மழுங்கினால், வட்டம் கெட்டால், பொடி அடைத்துப் பளபளப்பானால் டைமண்ட் அடிக்க வேண்டும். டைமண்டை நேராக நிறுத்தாமல், கல் சுற்றும் திசைப்பக்கமாக 10 முதல் 15 டிகிரி சாய்த்து வையுங்கள். ஒரு முறைக்கு 0.01 முதல் 0.02 மில்லி போதும். வேகமாக இழுத்தால் கல் முரடாகும், நன்றாக வெட்டும். மெதுவாக இழுத்தால் நைஸாகும், ஃபினிஷ் வரும். முரட்டு வேலைக்கும் கடைசி வேலைக்கும் ஒரே கல்லை வைத்துச் சமாளிப்பது இந்த ஒரு வித்தியாசத்தில்தான்.

புதியவர்கள் செய்யும் தவறு, காய வைத்து டைமண்ட் அடித்துக்கொண்டே இருந்துவிட்டு நடுவில் கூலன்டைத் திறப்பது. சூட்டில் இருக்கும் வைரம் விரிசல் விட்டுவிடும். திறப்பதாக இருந்தால் ஆரம்பத்திலேயே திறந்துவிடுங்கள். டைமண்டை அவ்வப்போது கொஞ்சம் திருப்பி வையுங்கள், ஒரே முனை தட்டையாகாமல் இருக்கும்.

5. சர்ஃபேஸ் கிரைண்டிங்

மேக்னடிக் சக்கைத் (ஜாபைக் காந்தத்தால் பிடிக்கும் மேடையை) துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் நல்லதுதான், ஆனால் அதன் நூல் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக வெறும் உள்ளங்கையால் ஒரு முறை தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொடி கைக்குத் தெரியும். ஜாபின் பிசிறை எண்ணெய்க் கல்லில் எடுத்துவிட்டு வையுங்கள்.

சிறிய ஜாபைத் தனியாக வைக்காதீர்கள். டேபிள் ஓடும் திசையில் முன்னும் பின்னும் ஜாபைவிடக் கொஞ்சம் உயரம் குறைந்த இரும்புப் பட்டை வைத்து அடைகொடுங்கள். நான் விரல் நீள ஓஎச்என்எஸ் (ஒரு டூல் எஃகு) துண்டு ஒன்றை அடைகொடுக்காமல் வைத்தேன். எதிர்ச் சுவரில் அதன் குழி இருக்கிறது.

எலக்ட்ரோமேக்னட் சக்காக இருந்தால் கரண்ட் போன நொடியில் பிடி போய்விடும், கல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் முதல் வேலை கல்லை மேலே தூக்குவது. யோசிக்காமல் கை அங்கே போகும்படி பழகுங்கள்.

கல்லை இறக்கும் முன் ஜாபின் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். எங்கே மேடு என்று தெரியாமல் ஒரு மூலையில் டச் எடுத்துவிட்டு உள்ளே போனால், நடுவில் உள்ள மேடு கல்லில் மோதும். மெல்ல இறக்கி, முழுப் பரப்பையும் ஒரு சுற்று ஓட்டி, முதல் பொறி எங்கே வருகிறதோ அங்கிருந்து பூஜ்யம் எடுங்கள். அதன் பிறகு முரட்டு வேலைக்கு 0.01 முதல் 0.02, கடைசியில் 0.005.

மெல்லிய பிளேட் ஒரு தனி ஏமாற்று. காந்தம் போட்டதும் வளைவு படிந்து சமமாகிவிடும், சமமாகவே வெட்டுவீர்கள், காந்தத்தை எடுத்ததும் பழையபடி வளைந்து நிற்கும். வளைவின் அடியில் காகிதம் கொடுத்து, குறைந்த காந்தத்தில், மாற்றி மாற்றிப் புரட்டி எடுக்க வேண்டும். முடிந்ததும் காந்தம் நீக்காமல் அனுப்பினால் பொடி ஒட்டிக்கொண்டே போகும்.

6. சிலிண்டரிக்கல் கிரைண்டிங்

இதில் எல்லாமே ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள சென்டர் துளைதான். ஹீட் ட்ரீட்மெண்ட் போய் வந்த ஜாபில் துளைக்குள் கரி இருக்கும். சென்டர் கல்லால் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள். துளை ஓவலாக இருந்தால் ஷாஃப்டும் ஓவலாகத்தான் வரும். அப்புறம் கல்லை மாற்றியும் மெஷினைத் திட்டியும் பயனில்லை.

25 மில்லி ஷாஃப்ட் 250 ஆர்பிஎம் அளவில் சுற்றினால் நிமிடத்துக்கு 20 மீட்டர் வரும், அது போதும். நீளம் விட்டத்தைப் போலப் பத்து மடங்கைத் தாண்டினால் ஸ்டெடி (நடுவில் தாங்கும் முட்டு) கொடுங்கள். டேப்பரை (ஒரு முனை பெரிதாக, மறுமுனை சிறிதாக வருவதை) முரட்டு வேலையின்போதே எடுத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் சுத்தமானதும் அளந்து, 0.01 வித்தியாசம் இருந்தால் டேபிளைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி அளந்து பாருங்கள். கடைசி 0.03இல் டேப்பர் எடுக்கப் பார்த்தால் ஒரு முனை சைஸுக்குக் கீழே போய்விடும்.

ஃபீட் டயலில் ஒரு டிவிஷன் விட்டத்தில் எவ்வளவு குறைக்கிறது, ஆரத்தில் எவ்வளவு என்று மெஷினுக்கு மெஷின் மாறும். வேறு பட்டறைக்குப் போன முதல் நாளில் கேட்காமல் ஓட்டியவர்கள் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

7. சூடு

என் பெரிய அடி இதில்தான். ஈஎன் 24 எஃகில் 11 ஷாஃப்ட், 25 மில்லி, சின்ன எச்6. பகல் மூன்று மணி, கூலன்ட் தொட்டியில் அடிமட்டம். அவசரத்தில் நிரப்பாமல் ஓட்டினேன். ஒவ்வொன்றையும் சென்டரிலேயே வைத்து அளந்தேன், 24.992 காட்டியது. நடுவில் நிற்கிறது என்று சந்தோஷமாக அடுக்கிவைத்தேன். மறுநாள் காலை செக்கிங்கில் 11ம் 24.983.

25 மில்லி எஃகு 30 டிகிரி சூடேறினால் விட்டம் 8 மைக்ரானுக்கு மேல் பெருக்கும். கையில் பிடித்தால் சுட்ட அந்த ஷாஃப்டுகள் ராத்திரியில் ஆறி உண்மையான சைஸுக்கு வந்துவிட்டன. கீழ் எல்லைக்கு 4 மைக்ரான் கீழே. ஹார்டு குரோம் பூச்சு ஏற்றி மறுபடி கிரைண்ட் செய்து கொடுத்தோம், அந்த ஜாபில் பட்டறைக்குக் கிடைத்தது ஒன்றும் இல்லை. அண்ணன் ஒருவர், முப்பது வருடம் கல் ஓட்டியவர், திட்டவில்லை. ஒரு ஷாஃப்டை என் கையில் கொடுத்து, "கண்ணு, கைக்கு வெதுவெதுன்னு இருந்தாக் கூட மைக்ரோமீட்டரைத் தொடாத" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே ஜாபைக் கூலன்டில் நன்றாகக் குளிரவிட்டு, துடைத்து, பிறகு அளங்கள். மைக்ரோமீட்டரை வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். முதல் ஜாபை மட்டுமாவது கால் மணி நேரம் ஆறப்போட்டு மறுபடி அளந்து பாருங்கள், எவ்வளவு விட்டுப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கூலன்ட் பற்றி: கிரைண்டிங்குக்கு 40 அல்லது 50 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய். தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றினால் சரியாகச் சேராது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் பால் திரிவது மாதிரி திரிந்துபோகும், ஜாபும் துருப்பிடிக்கும். சிறுவாணியோ வேறு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரோ கிடைத்தால் அதையே கலக்குங்கள். ஞாயிறு விட்டுத் திங்கள் காலை நாறினால் மாற்ற வேண்டிய நேரம்.

ஜாபில் பழுப்போ நீலமோ தெரிந்தால் அது வெந்துவிட்டது. எமரி போட்டு நிறத்தை எடுத்துவிட்டு அனுப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள். நிறம் போகும், அடியில் கடினம் குறைந்தது குறைந்ததுதான், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். அந்த ஷாஃப்ட் நாளை ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் ஓடப் போகிறது. சமமான இடைவெளியில் கோடு விழுந்தால் பேலன்ஸ், பெல்ட், சென்டர் லூஸ் என்று வரிசையாகப் பாருங்கள். அங்கங்கே வால் மாதிரி கீறல் விழுந்தால் கூலன்டில் பொடி சேர்ந்திருக்கிறது.

8. காசும் நேரமும்

சொந்தமாக வாங்க வேண்டியவை அதிகம் இல்லை. நல்ல 0-25 மில்லி மைக்ரோமீட்டர் ஒன்று, சில ஆயிரம் ஆகும், இதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி, சின்ன எண்ணெய்க் கல். கல்லும் டைமண்டும் பட்டறை கொடுக்கும். ஆனால் அவற்றின் பில்லை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தேவையில்லாமல் நாலு முறை டைமண்ட் அடிப்பது எவ்வளவு என்று புரியும்.

கொட்டேஷன் கேட்டால் இப்படிக் கணக்குப் போடுங்கள். 250 மில்லி நீள ஷாஃப்ட், விட்டத்தில் 0.3 அலவன்ஸ். முதல் 0.25ஐ 0.02 வீதம் எடுத்தால் 13 ஓட்டம். மீதி 0.05ஐ 0.005 வீதம் எடுத்தால் 10 ஓட்டம். ஃபீட் கொடுக்காமல் பொறி அடங்கும் வரை 3. மொத்தம் 26. டேபிள் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் போனால் ஓட்டத்துக்கு 15 நொடி, ஆறரை நிமிடம். மாட்டிக் கழற்ற, ஆறவிட்டு அளக்க இன்னும் ஐந்தரை. ஜாபுக்கு 12 நிமிடம், செட்டிங் 45 நிமிடம். 10 ஷாஃப்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரம். புதியவராக இருந்தால் இதை இரண்டால் பெருக்கிச் சொல்லுங்கள். சாயங்காலம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆறவிடாமல் ஓட்டுவதுதான் எல்லாக் கேடுகளுக்கும் ஆரம்பம்.

9. சாயங்காலம் மூடும்போது

முதலில் கூலன்டை நிறுத்திவிட்டு, கல்லை ஐந்து நிமிடம் வெறுமனே சுற்றவிடுங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் தண்ணீர் இரவெல்லாம் கல்லின் அடிப்பக்கம் இறங்கி, காலையில் பேலன்ஸ் கெட்டுக் கிடக்கும். காலையில் வந்ததும் ஸ்பிண்டிலைக் கால் மணி நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் சைஸ் எடுக்க வேண்டும்.

கிரைண்ட் செய்த முகத்தில் விரல் ரேகை பட்டாலே ஒரு ராத்திரியில் துரு ஏறும். எண்ணெய் தடவி, ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் பிளாஸ்டிக் வலை உறை போட்டு, தனித்தனியாகக் காகிதம் சுற்றுங்கள். பக்கத்து ஏரியா கணபதி வரைக்கும்தானே என்று சாக்கில் மொத்தமாகக் கட்டி வண்டியில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் ஒன்றோடு ஒன்று இடித்து, நீங்கள் எடுத்த ஃபினிஷ் அங்கே போய்ச் சேராது. சலானில் எண்ணிக்கையும் ரிஜெக்டும் தனித்தனியாக எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.